மருந்து கசியும் எலும்பு சிமென்ட்

இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைகளில் செயற்கை மூட்டை எலும்போடு பொருத்த உதவும் 'சிமென்ட்' உண்மையில் பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இதை இடுப்பு மூட்டில் பயன்படுத்தத் தொடங்கினார். இது பசைபோல ஒட்டுவதில்லை. தரை ஓடுகளின் இடுக்கை அடைக்கும் கலவைபோல, எலும்பின் நுண்துளைகளில் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

நூறு பேருக்கு மூட்டு மாற்றினால் ஒருவருக்கோ இருவருக்கோ தொற்று வருகிறது. எண்ணிக்கை சிறிதுதான், வந்தால் படும் பாடு பெரிது. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளே பெரும்பாலும் காரணம். உலோகத்தின் மேல் அவை பயோஃபிலிம் எனப்படும் கொழகொழப்பான படலத்தை விரித்து, அதற்குள் பதுங்கிவிடுகின்றன. செயற்கை மூட்டில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் ஊசிவழி ஏற்றும் ஆன்டிபயாடிக் அங்கே போதிய அளவில் சென்று சேர்வதில்லை.

மருந்தைச் சிமென்டிலேயே கலந்துவிடலாம் என்ற யோசனையைச் செயல்படுத்தியவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர்கள் பூக்ஹோல்ட்ஸ், எங்கல்பிரெக்ட் ஆகிய இருவர். 1970இல் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள்.

அறுவை அரங்கில் 40 கிராம் பொடியோடு சுமார் 20 மில்லி திரவம் சேர்கிறது. மூக்கைத் துளைக்கும் நெடி எழும். கலவை மாவாகத் திரண்டு, கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் எலும்புக்குள் அழுத்தப்படும். சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். இந்தச் சூட்டைத் தாங்கி, நீரில் கரையும் மருந்துதான் இதற்குச் சரிப்படும். ஜென்டாமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின் ஆகியவை தேர்வானது அதனால்தான்.

சிக்கல் இனிமேல்தான். மருந்து வெளியேறுவது சிமென்டின் மேற்பரப்பிலிருந்தும் அதையொட்டிய நுண்துளைகள் வழியாகவும் மட்டுமே. முதல் சில நாட்களில் வேகமாகக் கசியும். பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்துவிடும். பெரும்பகுதி உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். துளைகளைக் கூட்டினால் மருந்து நன்றாக வரும், ஆனால் உடல் எடையைத் தாங்கும் வலிமை போய்விடும். ஆகவே தடுப்புக்கு 40 கிராம் பொடியில் அரை முதல் ஒரு கிராம் மருந்துதான் சேர்க்கப்படுகிறது. கசிவு மெலிந்த காலத்தில் பிழைத்த கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புத் தேடிக்கொள்ளக்கூடும் என்ற கவலையும் உண்டு.

நார்வேயின் மூட்டு மாற்றுப் பதிவேடு, ஊசி மருந்தோடு இந்தச் சிமென்டும் சேர்ந்தபோது இடுப்பு மூட்டில் மறு அறுவை குறைந்ததைக் காட்டியது. 2013இல் வெளியான ஸ்பானிய ஆய்வில் சுமார் 3000 முழங்கால்களில் தொற்று அளவில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, எல்லோருக்கும் பொதுவாகப் போடுவதைவிட, நீரிழிவு உள்ளவர், மறு அறுவைக்கு வருபவர் என ஆபத்து மிகுந்தவர்களுக்கு ஒதுக்குவதே நியாயமாகப் படுகிறது.

தொற்று வேரூன்றிவிட்டால் கணக்கே வேறு. மூட்டைக் கழற்றிவிட்டு, மருந்து மிகுதியாகக் கலந்த தற்காலிகச் சிமென்ட் துண்டு அந்த இடத்தில் வைக்கப்படுகிறது. வலிமை இங்கே இரண்டாம்பட்சம். தொற்று அடங்கியதும், பெரும்பாலும் சில வாரங்களில், அதையும் எடுத்துவிட்டுப் புது மூட்டு பொருத்துகிறார்கள். ஏனெனில், மருந்துக் கசிவு ஓய்ந்த சிமென்டும் கிருமிகள் ஒட்டிக்கொள்ளத் தோதான ஒரு பரப்புதான்.