தனிக் கடலோடியின் துயில்

கடற்பயணத்தின் இடர் யாது என வினவினால் நம்மிற் பலரும் புயலையே கூறுவோம். சிறுபடகில் உலகைச் சுற்ற முனைந்தோர்க்கோ புயல் எப்போதேனும் வருவது. உறக்கமின்மையே அன்றாடத் துன்பம்.

தன்னந்தனியராய் உலகைச் சுற்றிய முதல்வரான யோசுவா சிலோக்கத்தின் வரலாற்றில் இதனை நன்கு காணலாம். 'ஸ்பிறே' என்னும் பழைய சிப்பிப் படகை அவர் 13 மாதம் உழைத்துத் தாமே புதுக்கினார். அதன் நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு. பொருட்செலவு 553 டொலரும் 62 சதமும். 1895 ஏப்பிரில் 24 இல் பொஸ்ரனை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 51. முதலிற் தங்கிய குளொஸ்ரர் துறை நம்மவர்க்கும் உரியதொரு பெயர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' 1938 இல் சென்றடைந்ததும் அத்துறையையே. ஆயின் அன்னபூரணியிற் காவல் மாற ஆட்கள் இருந்தனர், சிலோக்கத்துக்கு எவருமிலர். குளொஸ்ரரிற் பழந்தோணியொன்றை இரண்டாக அறுத்து ஒரு பாதியை எடுத்துக்கொண்டார். கரையேறுதற்கும் துணி தோய்த்தற்கும் நீராடுதற்கும் அதுவே உதவிற்று.

அசோர்ஸ் தீவுகளை நீங்கியதும், பிளம்ஸ் பழமும் பாற்கட்டியும் உண்டதனால் வயிற்றுவலி கண்டு அறையில் வீழ்ந்தார். கண்விழித்தபோது சுக்கானில் நெடிய மனிதனொருவன் நின்றானென்றும், தான் கொலம்பசின் 'பின்ரா' கப்பலின் மாலுமி என்றானென்றும் எழுதியுள்ளார். அதனை நோயின் மயக்கமென்றே நாம் கொள்வோம். எனினும், இரவிற் கொந்தளிப்பினூடே படகு வழிதப்பாது 90 மைல் ஓடியிருந்ததே, அதற்குக் காரணம் வேண்டுமன்றோ?

காரணம் படகின் அமைப்பிலேயே உளது. நீண்ட அடிமரம் அதனை எளிதில் திரும்பவிடாது. பாய்களை அளவறிந்து விரித்துச் சுக்கானைக் கட்டிவிட்டால், காற்றின் தள்ளலும் சுக்கானின் எதிர்ப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். படகு சற்று விலகினும் பாயிற் படும் காற்று மாறுபட்டு அதனை மீட்கும்.

1897 இல் அவுஸ்திரேலியாவின் வடபாலுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளிற் கடந்தார். சுக்கானைப் பிடித்த நேரமோ மொத்தம் மூன்று மணிக்கு மேற்படவில்லை! படித்தார், சமைத்தார், உறங்கினார். தளத்தில் வந்து விழுந்த பறக்கும் மீன்களே காலையுணவு. ஒரு டொலருக்கு வாங்கிய தகரக் கடிகாரம் சண்டித்தனம் செய்தபோது அதனைக் கொதிநீரில் அவித்து ஓடச் செய்தாராம்.

துயில் கிடைத்த பின்னர்த் தனிமை எஞ்சிற்று. பயணத் தொடக்கத்திற் குரல் மங்கிவிடுமோ என்றஞ்சி, இல்லாத சுக்கானியை நோக்கி உரக்கக் கட்டளையிட்டுப் பார்த்தார். மறுமொழி வராமையால் மனம் மேலும் வாடிற்று. பின்னர்ப் பாடத் தொடங்கினார். சென் ஹெலெனாவில் துணைக்கென ஏற்ற ஆடு மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தைத் தின்றுவிட, அதனை அசென்சன் தீவில் இறக்கிவிட்டார். 1898 யூன் 27 இல் நியூபோர்ட்டை அடையுமுன் ஓடிய தூரம் 46,000 மைலுக்கு மேல்.

இன்று காற்றுத்தகடும் மின்கருவியும் சுக்கானைக் காக்கின்றன. ஆயினும் தனியே செல்வோர் பெருங்கப்பல்கட்கு அஞ்சி, கப்பல் செல்லும் வழிகளிற் சிறிது நேரத்துக்கொருமுறை மணியடித்து எழுந்து, அடிவானத்தை ஒருமுறை சுற்றி நோக்கி, மீண்டும் படுக்கின்றனர்.