உலைக்களத்தில் ஒரு குடும்பம்

நுழையும் முன்

ஒரு தொழிலையோ கலையையோ தனியே கற்பது ஒருவகை. குடும்பத்தாருடன் கூடிச் செய்து கற்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் கைத்திறனோடு சொல்லும் பழக்கமும் பொறுமையும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்கின்றன. கணவனும் மனைவியும் ஓர் உலையின் இருபுறமும் நின்று இரும்புக்கு வடிவம் கொடுக்கும் காட்சியை இப்பாடம் விளக்குகிறது.

சாலையோர உலை

மாணவர்களே! தில்லி, ஜெய்ப்பூர் போன்ற வடநாட்டு நகரங்களில் வாழ்வோர் சாலையோரத்தில் இக்காட்சியைக் கண்டிருக்கலாம். தரையில் ஒரு சிறு குழி. அதில் கனலும் கரி. அருகே மண்ணில் பதித்த இரும்புக் கட்டி. ஓர் ஆடவர் தரையில் அமர்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டைக் குறட்டால் பற்றியிருப்பார். எதிரே நிற்கும் பெண் கனத்த சம்மட்டியைத் தலைக்குமேல் ஓங்கி அத்துண்டின்மீது அடிப்பார். அப்பெண் பெரும்பாலும் அவருடைய மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். இவர்களே 'காடியா லோகார்' எனப்படும் நாடோடிக் கொல்லர்கள். இந்தியில் 'காடி' என்பது வண்டி. 'லோகார்' என்பது இரும்புக் கொல்லர். மாட்டுவண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றமையால் இப்பெயர் பெற்றனர்.

இவர்கள் இராசத்தானத்தின் மேவார்ப் பகுதியைத் தம் பூர்விகமாகக் கூறுவர். முன்னோர் சித்தோர்கர் கோட்டையில் அரசருக்குப் போர்க்கருவிகள் செய்து கொடுத்தவர்கள் என்பதும், 1568ஆம் ஆண்டில் அக்கோட்டை அக்பரின் படைகளிடம் வீழ்ந்தபோது அவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர் என்பதும் இவர்களிடையே வழிவழியாக வழங்கிவரும் செய்தி. கோட்டை மீளும்வரை அங்குத் திரும்புவதில்லை, கூரையின்கீழ் வாழ்வதில்லை, கட்டிலில் உறங்குவதில்லை, இரவில் விளக்கேற்றுவதில்லை என்று அவர்கள் சூளுரைத்தனராம். நாடு விடுதலை பெற்றபின், 1955ஆம் ஆண்டில், பிரதமர் ஜவாஹர்லால் நேரு முன்னிலையில் இவர்கள் சித்தோர்கர் கோட்டைக்குள் அழைத்துச் செல்லப்பட்டனர். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் காத்த உறுதிமொழி அன்று நிறைவெய்தியது. எனினும், பலருடைய வாழ்க்கை இன்னும் சாலையோரத்திலேயே நடைபெறுகிறது.

இரும்பு ஏன் இருவரைக் கேட்கிறது?

ஒருவரே குறட்டைப் பிடித்து ஒருவரே அடித்தால் ஆகாதா என்று நீங்கள் வினவலாம். சிறிய ஆணி, கொக்கி போன்றவற்றை ஒருவரே செய்துவிடலாம். கோடரி, மண்வெட்டி போன்ற தடித்த பொருள்களுக்கு ஒருவர் போதமாட்டார். காரணம் இரும்பின் இயல்பில் உள்ளது.

இரும்பு 1538 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். கொல்லர் அதனை உருக்குவதில்லை, இளக்குகிறார். வெப்பம் ஏற ஏற இரும்பு முதலில் மங்கிய செந்நிறமும், பின்னர் ஒளிர்செந்நிறமும், அதன்பின் ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களும் பெறும். ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் ஒளிரும்போது அது களிமண்போல் வளைந்து கொடுக்கும். கொல்லருக்கு வெப்பமானி இல்லை, கண்ணே வெப்பமானி. உலையிலிருந்து எடுத்த மெல்லிய துண்டு சில நொடிகளிலேயே நிறம் மங்கத் தொடங்கும். செந்நிறம் நீங்கியபின் அடித்தால் இரும்பு வடிவம் பெறாது. விரிசல் விடவும் கூடும். எனவே கிடைக்கும் அச்சில நொடிகளுக்குள் வலிமையான அடிகள் பல விழவேண்டும். அடிதோறும் துண்டைத் திருப்பவும் வேண்டும். பிடிப்பதும் திருப்புவதும் ஒருவர் வேலை. ஓங்கி அடிப்பது மற்றவர் வேலை. 'சூட்டோடு சூடாக' என்னும் வழக்கு இவர்களுக்கு முற்றும் பொருந்தும்.

ஓசையே மொழி

சம்மட்டி விழும் வேளையில் பேச இடமில்லை. ஆகவே கொல்லர் பட்டறைகளில் ஓசையே மொழியாகிறது. குறடு பிடிப்பவர் வலக்கையில் ஒரு சிறு சுத்தியல் வைத்திருப்பார். எந்த இடத்தில் அடி விழவேண்டுமோ அந்த இடத்தை அதனால் மெல்லத் தட்டிக் காட்டுவார். அடுத்த கணம் சம்மட்டி அங்கே விழும். சிறு சுத்தியலை அடைகல்லின்மீது தட்டினால் 'நிறுத்து' என்று பொருள். மெல்லிய ஓசை, வலிய ஓசை, மெல்லிய ஓசை என மாறி மாறி எழும் ஒலி ஒழுங்கைத் தொலைவிலிருந்தே கேட்கலாம்.

இங்கே நம்பிக்கை பெரிதும் வேண்டப்படுகிறது. சம்மட்டி இரண்டு விரற்கடை விலகினால் குறடு பிடித்தவரின் கை நசுங்கும். குறடு தளர்ந்தால் சிவந்த இரும்பு தெறித்து அடிப்பவரின் காலைச் சுடும். ஒருவரது உடல் மற்றவரது கவனத்தில் இருக்கிறது. யார் தலைவர், யார் துணைவர் என்ற வினாவுக்கு அங்கே எளிதில் விடை கூற இயலாது. இடத்தைச் சுட்டுபவர் ஒருவர்; வலிமையைத் தருபவர் மற்றொருவர். பெண்கள் வலுவான வேலைக்கு உரியவரல்லர் என்று கருதுவோர், இச்சாலையோர உலையருகே சிறிது நேரம் நின்றால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

வடிவம் பெற்றபின் அரிவாள், உளி போன்றவற்றின் முனைக்கு உறுதி ஊட்டவேண்டும். முனையைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பர். இதனைத் 'தோய்ச்சல்' என்பர். திடீரெனக் குளிரும் எஃகு கடினமாகிறது. அளவு மிஞ்சினால் கண்ணாடிபோல் எளிதில் உடையும் தன்மையும் வந்துவிடும். அதனால் மீண்டும் சிறிது சூடேற்றிப் பதப்படுத்துவர். இந்த அளவை எந்நூலும் கையில் கொண்டுவந்து கொடுப்பதில்லை. அருகிலிருந்து பார்த்தே அறியவேண்டும்.

பஞ்சாபின் பித்தளை இல்லங்கள்

குடும்பமே பள்ளியாக விளங்கும் மற்றோர் இடம் பஞ்சாபில் அமிர்தசரசுக்கு அருகிலுள்ள சண்டியாலா குரு. அங்கு வாழும் 'தட்டேரா' எனப்படும் கன்னார்கள் செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றால் பாத்திரங்கள் செய்கின்றனர். உலோகத் தகட்டைத் தரையில் அமைந்த சிறு விறகு அடுப்பில் காய்ச்சி, சுத்தியலால் தட்டித் தட்டிக் குடமாகவும் தட்டாகவும் குழிக்கின்றனர். மணலும் புளிக்கரைசலும் கொண்டு துலக்கிப் பொலிவூட்டுகின்றனர். இக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே கற்பிக்கப்படுகிறது. 2014ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தணியும் கனல்

இத்தகைய குடும்பத் தொழில்கள் இன்று நெருக்கடியில் உள்ளன. ஆலையில் ஒரே அச்சில் செய்யப்படும் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. எஃகுப் பாத்திரமும் நெகிழிப் பாத்திரமும் பித்தளைக் குடத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன. சாலையோரத்தில் வாழ்வோருக்கு நிலையான முகவரி இன்மையால், அரசின் உதவிகளைப் பெறுவதும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் கடினமாகின்றன. உலைக்குக் காற்று ஊட்டும் பிள்ளை அந்நேரத்தில் வகுப்பறையில் இருப்பதில்லை. இதனை நாம் மறைத்தல் கூடாது. அப்பிள்ளை கல்வி பெறவேண்டும். அதே வேளையில் பெற்றோரின் திறனும் மதிக்கப்படவேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டிய நிலை வருந்தத்தக்கது.

வீட்டில் ஒரு சிறு பட்டறை

வயிற்றுப்பாட்டுக்காகச் சிலர் செய்யும் உலோக வேலையை மனமகிழ்வுக்காகச் செய்வோரும் உளர். விடுமுறை நாளில் தாயும் மகனுமோ, கணவனும் மனைவியுமோ, தாத்தாவும் பேத்தியுமோ கூடிச் செய்யத்தக்க எளிய வேலை ஒன்று உண்டு. அது மெல்லிய செப்புத் தகட்டில் புடைப்புருவம் அமைத்தல். இதற்கு நெருப்பு வேண்டுவதில்லை.

காகிதத்தைவிடச் சற்றே தடித்த செப்புத் தகட்டைப் பெரியவர் ஒருவர் வெட்டி, விளிம்புகளை மடித்துக் கொடுக்கவேண்டும். வெட்டிய விளிம்பு கத்திபோல் கூர்மையானது. பழைய செய்தித்தாள்களை மெத்தைபோல் அடுக்கி, அதன்மீது தகட்டை வைத்து, வரைந்த படத்தை மேலே ஒட்டுக. மை தீர்ந்த எழுதுகோலால் கோடுகளை அழுத்தி வரைக. பின்னர்த் தகட்டைப் புரட்டி, உருவம் எழவேண்டிய பகுதியை மழுங்கிய மரக்குச்சியால் சிறிது சிறிதாக அழுத்துக. ஒருவர் அழுத்த, மற்றவர் அடிக்கடி முன்பக்கம் திருப்பிப் பார்த்துக் குறை கூறலாம். தன் தவற்றைத் தானே காண்பதைவிட அருகிலிருப்பவர் விரைவில் காண்பார்.

ஒரே இடத்தைப் பலமுறை அழுத்தினால் செம்பு விறைத்துக்கொள்வதை உங்கள் விரல்களே உணரும். அடியும் அழுத்தமும் உலோகத்தின் உள்ளமைப்பை மாற்றிக் கடினமாக்குகின்றன. கன்னார் பாத்திரத்தை இடையிடையே மீண்டும் உலையில் இடுவது, இவ்விறைப்பை நீக்கி இளக்குவதற்கே. இறுதியில் புளியும் உப்பும் கொண்டு தேய்த்தால் கறுத்த செம்பு பொன்போல் ஒளிரும். புளியிலுள்ள அமிலம் மேற்பரப்பின் கறையைக் கரைப்பதே இதற்குக் காரணம்.

சொல்லும் ஒரு சொத்து

தமிழில் உலோகத் தொழிலுக்கு வளமான சொற்கள் உண்டு. உலை, துருத்தி, குறடு, சம்மட்டி, அடைகல், அரம், உளி ஆகியன அவற்றுட் சில. திறமை மிக்கோரிடமே தன் திறமையைக் காட்ட முயல்வோனைக் குறித்துக் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல' என்னும் பழமொழியும் வழங்குகிறது. ஊரைவிட்டுத் தொலைவில் வளரும் பிள்ளைகளுக்கு இச்சொற்கள் புத்தகத்தில் மட்டும் கிடைத்தால் விரைவில் மறந்துபோகும். "அந்தக் குறட்டை எடு" என்று தந்தை கேட்க, மகள் எடுத்துக் கொடுக்கும்போது அச்சொல் கையோடு ஒட்டிக்கொள்கிறது. நாடோடிக் கொல்லரும் தம் ஊரைவிட்டு வந்தவரே. கோட்டையை விட்டு வந்தபோது அவர்கள் தம்முடன் கொண்டுவந்தவை ஒரு வண்டியும், சில கருவிகளும், ஒருவர் தட்ட ஒருவர் அடிக்கும் அந்த ஒழுங்குமே ஆகும். அவ்வொழுங்கு நானூறு ஆண்டுகள் அழியாமல் நின்றது, அது ஏட்டில் எழுதப்பட்டதால் அன்று. நாள்தோறும் இருவர் கூடிச் செய்ததால்.

சொல்லும் பொருளும்

உலைக்களம் – கொல்லர் தொழில் செய்யும் இடம்
துருத்தி – உலைக்குக் காற்று ஊதும் கருவி
குறடு – காய்ந்த இரும்பைப் பற்றும் கருவி
சம்மட்டி – நீண்ட பிடியுடைய பெரிய சுத்தியல்
அடைகல் – காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் கட்டி
கன்னார் – செம்பு, பித்தளை, வெண்கல வேலை செய்வோர்
சூளுரைத்தல் – உறுதிமொழி கூறுதல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. 'காடி' என்னும் இந்திச் சொல்லின் பொருள் ________.
2. இரும்பு உருகும் வெப்பநிலை ________ பாகை செல்சியசு.
3. சிறு சுத்தியலை அடைகல்லின்மீது தட்டினால் ________ என்று பொருள்.

ஆ. பிரித்து எழுதுக.
1. உலைக்களம்
2. சாலையோரம்
3. கைத்திறன்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கொல்லர் இரும்பின் வெப்பத்தை எவ்வாறு அறிகிறார்?
2. தோய்ச்சல் என்பது யாது?
3. புளியால் தேய்த்தால் செம்பு ஒளிர்வது ஏன்?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தடித்த இரும்புப் பொருளைச் செய்ய இருவர் தேவைப்படுவது ஏன்?
2. நாடோடிக் கொல்லரின் பிள்ளைகள் கல்வி பெறுவதில் உள்ள இடர்கள் யாவை? அவற்றை நீக்க உமது கருத்து யாது?

உ. செயல்பாடு
உம் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ அவர்கள் ஊரில் வழங்கும் ஐந்து கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தி அவர்களோடு சேர்ந்து நீவிர் செய்த வேலையைப் பத்துத் தொடர்களில் விவரிக்க.