குத்து வேறு, அடி வேறு!

பள்ளி விடுமுறை விட்டால் போதும், அவிநாசி வட்டாரத்துப் பிள்ளைகள் சிலம்பம், கராத்தே என்று கிளம்பிவிடுகிறார்கள். ''குத்துவரிசை கத்துக்கப் போறேன் அம்மிச்சி'' என்று பேத்தி சொன்னால், ''பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கண்ணு இந்தக் குத்தும் அடியும்?'' என்று பதறும் பாட்டிகள் இன்னும் உண்டு. ஆனால், இந்தச் சொற்களின் பொருளைப் பேத்திக்கு விளக்க அந்த அம்மிச்சியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சோளமும் கம்பும் விளைந்த மண் இது. சோளக்கதிரை அடிப்பார்கள், கம்பை உரலில் போட்டுக் குத்துவார்கள். கை வீசி வந்து விழுந்தால் அடி. உலக்கைபோல முனை நேராக இறங்கினால் குத்து. தற்காப்புக் கலையிலும் இதே கணக்குதான். சிலம்பத்தில் கம்பைச் சுழற்றி வீசினால் அடி. நுனியை நேரே பாய்ச்சினால் குத்து. ஜப்பானியக் கராத்தேயிலும் நேராகப் பாய்வது 'ட்சுகி', வீசி அடிப்பது 'உச்சி' என இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

குத்துவரிசை என்பது ஆயுதமில்லாமல் வெறுங்கையால் செய்வது. குத்து, தடுப்பு, காலடி எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பழகுவதால்தான் 'வரிசை'. தட்டிவிடப் பழகுவது தட்டுவரிசை, பிடிக்கப் பழகுவது பிடிவரிசை.

பழகாத கை குத்தினால், முதலில் அடிபடுவது அந்தக் கைதான். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்தினால் அதுவே முறியலாம். சுண்டுவிரல் பக்கம் பட்டால், உள்ளங்கை எலும்பு உடையலாம். ஆகவே கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும். மணிக்கட்டு வளையக் கூடாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் இலக்கைத் தொட வேண்டும். பலமும் தோளில் மட்டும் இல்லை. பாதத்தில் ஊன்றி, இடுப்பைத் திருப்பும்போதுதான் அது கைக்கு வந்து சேரும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கோவையும் அந்தப் போட்டிகள் நடந்த நகரங்களில் ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் பார்த்த கலை, இன்று பிள்ளைகளுக்குப் பதக்கக் கனவாகவும் ஆகியிருக்கிறது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் ஒருநாள் வகுப்பைப் போய்ப் பார்ப்பது நல்லது. குத்துவதோடு தடுக்கவும், விலகவும், ஆபத்தென்றால் சத்தம்போட்டு ஓடவும் சொல்லித்தருகிறார்களா என்று கவனியுங்கள். கோபம் வந்தால் யாருக்கும் குத்தத் தெரியும். வரிசை மட்டும் பழகினால்தான் வரும்.