வீட்டுச் சாமான்களுக்கு எவ்வளவு தொகைக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும்?

சென்ற ஆண்டு கோடையில் சிவகாசியில் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் தீப்பற்றியது. பட்டாசுத் தொழிலுக்கும் அத் தீக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கீழ்வீட்டில் ஏற்பட்ட மின்கசிவே காரணம். மேல்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவர் நாம் ஆய்வுக்குச் செல்லும் நெசவாளர் சங்கம் ஒன்றின் அங்கத்தினர். உயிருக்கு ஊறு நேரவில்லை. ஆனால் சாமான்களில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டிடத்தின் சொந்தக்காரர் இன்ஷூரன்ஸ் செய்திருந்தபடியால், சுவரையும் தளத்தையும் பழுதுபார்க்க அவருக்குப் பணம் கிடைத்தது. அதில் தமக்கும் ஒரு பங்கு வரும் என்று நம் அங்கத்தினர் மூன்று மாதம் காத்திருந்தார். வரவில்லை, வருவதற்கு நியாயமும் இல்லை. கட்டிடத்தின் பேரில் எடுத்த பாலிசி கட்டிடத்துக்கு மட்டுமே உரியது. வீட்டுக் கடன் கொடுத்த பாங்கு எடுக்கச் சொல்லும் பாலிசியும் பெரும்பாலும் அத்தகையதே.

எரிந்த சாமான்கள் என்ன பெறும் என்று அவரைக் கேட்டோம். "ஒன்றரை இலட்சம் இருக்கும், ஐயா" என்றார். அவரையும் அவர் மனைவியாரையும் உட்காரவைத்து, அறை அறையாக எழுதத் தொடங்கினோம். முன்னறையில் டெலிவிஷன், நாற்காலிகள், மின்விசிறிகள் ஆகியவற்றுக்கு 55,000 ரூபாய். சமையலறையை அவர் இருபதாயிரத்தில் முடித்துவிடப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை. குளிர்பெட்டி 28,000, கிரைண்டரும் மிக்ஸியும் 12,000, அடுப்பு, எவர்சில்வர் சாமான், சீர்வரிசையாக வந்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு எல்லாம் சேர்ந்து 45,000. கட்டில் மெத்தை 30,000, பீரோ 20,000, துணி துவைக்கும் இயந்திரம் 20,000, இன்வர்ட்டர் 25,000, தையல் இயந்திரம் 12,000, பையனின் மடிக்கணினி 45,000. நால்வருக்குரிய துணிமணிகள், போர்வை, தலையணை உட்பட, 80,000. கூட்டிப் பார்த்தால் 3,72,000 ரூபாய்! தாம் கூறிய தொகையைப் போல் இரண்டரை மடங்கு தம் வீட்டில் இருந்தது என்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

இப் பட்டியலில் நாம் எழுதிய விலை, அவர் முன்பு கொடுத்து வாங்கிய விலையன்று. அப் பொருளை இன்று கடையில் மறுபடி வாங்க ஆகும் விலை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பீரோவைப் பழைய சாமான் கடைக்காரர் என்ன விலைக்குக் கேட்பார் என்பது இங்கே கணக்கில்லை. வெறும் வீட்டில் நிற்கும் குடும்பம் மீண்டும் சமைத்து உண்டு உறங்க என்ன வேண்டுமோ, அதுவே நாம் இன்ஷூர் செய்யவேண்டிய தொகை.

1-4-2021 முதல் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் யாவும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை வழங்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. இதில் கட்டிடத்தையும் சாமானையும் சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகையில் 20 சதவீதம், 10 இலட்சத்துக்கு மேற்படாமல், பட்டியல் கொடாமலே சாமான்களுக்கு உண்டு. அடுக்குமாடி வீட்டுக்குக் கட்டிடத் தொகை என்பது நிலத்தின் விலையைச் சேர்த்ததன்று. உட்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. 800 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 16 இலட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கு 3,20,000. மேலே கண்ட குடும்பம் சொந்த வீட்டில் இருந்திருந்தாலும் 52,000 ரூபாய் குறைந்திருக்கும். அத்தகையோர் பட்டியல் கொடுத்துக் கூடுதல் தொகைக்கு எடுக்கலாம். வாடகைக்கு இருப்போர் சாமான்களுக்கு மட்டும் தனியே எடுக்கலாம்.

நகைகள் இத் தொகையில் அடங்கா. அவற்றுக்குத் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். மொத்தம் 5 இலட்சத்துக்கும், தனி நகை 1 இலட்சத்துக்கும் மேற்படாவிடில் மதிப்புச் சான்று தேவையில்லை. சங்கத்தில் அடகு வைத்த நகையை எவரும் இதில் சேர்க்க வேண்டாம். அது வீட்டிலேயே இல்லையே! ரொக்கத்துக்கு இப் பாலிசியில் இடமில்லை. வெடிபொருளும் அவ்வாறே. நம் பக்கத்தில் சிலர் வீட்டிலேயே திரி சுற்றுவதும் சரக்கு வைப்பதும் நாம் அறியாததன்று. குடியிருப்பு என்று எழுதிக்கொடுத்த இடத்தில் அது நடந்தால், உயிருக்கு வரும் ஆபத்தோடு பாலிசியும் பயனற்றுப் போகலாம். திருட்டைப் பொறுத்தவரை, தீ, வெள்ளம் போன்ற விபத்தை ஒட்டி ஏழு நாட்களுக்குள் நடப்பதற்கே ஈடு உண்டு. பூட்டை உடைத்துச் செல்லும் களவுக்கு வேறு பாலிசி எடுக்க வேண்டும்.

இனித் தறிக்கு வருவோம். அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் வீட்டிற்குள்ளேயே தறி போட்டிருக்கும் அங்கத்தினர்கள் உளர். தறி வீட்டு உபயோகச் சாமான் அன்று, தொழிற்கருவி. விவசாயிகள் வீட்டில் அடுக்கியிருக்கும் வற்றல் மூட்டையும் பருத்தியும் சரக்கே. இவற்றுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தொழிற் பாலிசி இருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டுப் பாலிசியில் குறைத்து எழுதியதற்காக நஷ்ட ஈட்டை விகிதப்படி வெட்டுவதில்லை. எழுதிய தொகை வரை தருவார்கள். தொழிற் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவையே மன்னிப்பார்கள். 4 இலட்சம் பெறும் தறியையும் சரக்கையும் 2 இலட்சத்துக்கு எழுதினவருக்கு 1 இலட்சம் நஷ்டமானால், பாதிதான் கைக்கு வரும்.

பாவும் ஊடையும் சங்கம் கொடுத்த நூலாயின், அது சங்கத்தின் சொத்து. தறியில் பாதி நெய்த சேலையும் அப்படியே. அவற்றை அங்கத்தினர் தம் பாலிசியில் எழுதுவது வீண். சங்கம்தான் தன் பாலிசியில், அங்கத்தினர் வீடுகளில் இருக்கும் நூல் என்று தெளிவாகக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்தார்கள். 1867-இல் அதே ஊரில் கூட்டுறவாளர் தமக்கென ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியை அமைத்துக்கொண்டபோது, முதலில் மேற்கொண்டது சங்கங்களின் தீ நஷ்டத்தை ஈடு செய்வதைத்தான். நம் சங்கக் காரியதரிசிகள் கிடங்கில் உள்ள இருப்பை மட்டும் எழுதிவிட்டு, வீடுகளில் பரந்து கிடக்கும் நூலை மறந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, திருத்திக்கொள்வது சுலபம். அதையும் கடை ரசீதுகளையும் பீரோவில் வைக்கவேண்டாம். நம் சிவகாசி அங்கத்தினர் எல்லா ரசீதுகளையும் பத்திரமாகப் பீரோவில்தான் வைத்திருந்தார். ஒரு பிரதி சகோதரி வீட்டிலோ சங்க அலுவலகத்திலோ இருக்கட்டும். அறைகளைக் கைபேசியில் படம் எடுத்து உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைத்தாலும் போதும்.