டப்பாவில் வார்த்த பிஸ்டன்

பழைய பைக் ஒன்றை வாங்கி டேங்கை மாற்றி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்குக் ‘கஸ்டம் பைக்’ என்று பெயர் வைக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது அலங்காரம்தான். இன்ஜினுக்குள் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் வாழ்ந்த பர்ட் மன்றோதான் சாட்சி.

1920-ல் அவர் வாங்கிய ‘இண்டியன் ஸ்கவுட்’ 600 சிசி வண்டி. பெயர்தான் இண்டியன், தயாரிப்பு அமெரிக்கா. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 89 கி.மீ. 1926-ல் அதைப் பிரிக்கத் தொடங்கியவர், பிறகு விடவே இல்லை.

வேகத்துக்கு முதல் எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து ஓடத் தேவைப்படும் குதிரைத்திறனோ எட்டு மடங்கு. மணிக்கு 89 கி.மீ. வேகத்தை, மன்றோ கடைசியில் எட்டிய 296 ஆக்க, அதே உருவத்தில் ஏறக்குறைய 37 மடங்கு திறன் வேண்டும். பழைய இன்ஜினிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. எனவே மன்றோ, காற்று வழுக்கிப் போகும்படி வண்டி முழுவதையும் நீளமான ஒரு கூட்டுக்குள் அடைத்தார்.

இன்ஜினின் கொள்ளளவும் 950 சிசி வரை பெரிதானது. அது மட்டும் போதாது, இன்ஜின் வேகமாகவும் சுழல வேண்டும். வில்லங்கம் அங்கேதான். மேலே போன பிஸ்டன் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கனெக்டிங் ராடை வெடுக்கென்று இழுக்கிறது. சுழற்சி இரட்டித்தால் இந்த இழுப்பு நான்கு மடங்கு. தாங்காமல் உடைந்த பாகங்களை அலமாரியில் அடுக்கி, ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதிவைத்தார் மனிதர். டிராக்டர் அச்சை அறுத்து, செதுக்கி, புது ராடு செய்தார். பிஸ்டனுக்கு அலுமினியம்: எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால் வீட்டுக் கொட்டகையிலேயே வார்க்கலாம். அச்சுக்குப் பழைய தகர டப்பாக்கள். மைக்ரோமீட்டருக்குப் பதில் தேய்த்துச் சீராக்கிய ஒரு சக்கரக் கம்பி.

1967 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில், 47 வயது வண்டியை 68 வயது மன்றோ ஓட்டினார். காற்றின் சாதக பாதகம் கழிந்துபோக எதிரெதிர்த் திசைகளில் ஓட்டிச் சராசரி எடுப்பது வழக்கம். 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் சாதனை பதிவானது. அந்தச் சராசரியில் ஒரு கணக்குப் பிழை இருந்தது. 2014-ல் அது திருத்தப்பட்டபோது, மன்றோ இறந்து 36 ஆண்டுகள் கழித்து, அவரது வேகம் சற்றே கூடியது: மணிக்கு 184.087 மைல், அதாவது 296 கி.மீ.