ஓவனின் குமிழ்களைப் புரிந்துகொள்வோம்

முதலில் ஒரு சிறு விளக்கம். இந்தச் சாதனத்தை ஆங்கில உச்சரிப்புப்படி 'அவன்' என்று எழுதினால், யாரைச் சொல்கிறோம் என்ற குழப்பம் வரும். ஆகவே 'ஓவன்' என்றே எழுதுகிறேன். தமிழறிஞர்கள் பொறுத்தருள்க.

பெங்களூரில் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இன்று ஓவன் இருக்கிறது. பிள்ளைகள் ஆசையோடு வாங்கித் தருகிறார்கள். முதல் மாதம் இரண்டு கேக், அடுத்த மாதம் ரொட்டி டோஸ்ட், மூன்றாம் மாதம் அதன் தலையில் ஊறுகாய் ஜாடி. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அந்த நிலைதான். ஒரு நாள் மருமகள் வந்து, "மாமா, கேக் மேலே கருகிப் போச்சு, உள்ளே மாவாவே இருக்கு. மெஷின் கோளாறா?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. தட்டு மேல் அடுக்கில் இருந்தது. குமிழ் 'மேல் கம்பி மட்டும்' என்ற இடத்தில் இருந்தது. வெப்பம் 220 டிகிரி. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று சுவரில் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெப்பம் வரும் மூன்று வழிகள்

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. பழைய நீராவி எஞ்சினில் இந்த மூன்றையும் ஒருசேரப் பார்க்கலாம். கனலும் நிலக்கரி நெருப்புப் பெட்டியின் சுவர்களை நேரே தாக்கும், அது கதிர்வீச்சு. சூடான புகை குழாய்களுக்குள் ஓடி வெப்பத்தைச் சுமந்து செல்லும், அது சலனம். இரும்பு ஒரு பக்கம் வாங்கிய சூட்டை மறுபக்கத்து நீருக்குக் கொடுக்கும், அது கடத்தல். ஓவனும் இப்படித்தான். குமிழைத் திருப்பும்போது, எந்த வெப்பம் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கிறோம். குமிழில் உள்ள படத்தில் கீழே கோடு இருந்தால் கீழ்க் கம்பி, மேலே கோடு இருந்தால் மேல் கம்பி, விசிறிப் படம் இருந்தால் காற்றோட்டம்.

எதை எப்போது போடுவது?

கீழ்க் கம்பி மட்டும்: அடிப்பாகம் மொறுமொறுப்பாக வேண்டியவற்றுக்கு. பீட்சாவின் அடி வேகாமல் இருந்தாலோ, கேக்கின் மேற்புறம் சீக்கிரமே சிவந்துவிட்டாலோ கடைசிப் பத்து நிமிடம் இதற்கு மாற்றலாம்.

மேல் கம்பி மட்டும்: இதுதான் கிரில். அடுப்புத் தணலைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பண்டங்களுக்கும், ஏற்கெனவே வெந்தவற்றின் மேற்புறத்தைச் சிவக்க வைப்பதற்கும் ஏற்றது. சீஸ் டோஸ்ட், பன்னீர் டிக்கா போன்றவை மேல் அடுக்கில் ஐந்து முதல் பத்து நிமிடம். இதைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் போகக்கூடாது.

இரண்டு கம்பிகளும்: கேக், பன், நான்கட்டாய் எல்லாவற்றுக்கும் இதுவே ராஜபாட்டை. தட்டு நடு அடுக்கில் இருக்கவேண்டும். சாதாரண கேக்குக்கு 170 முதல் 180 டிகிரி, முப்பது முதல் நாற்பது நிமிடம்.

கம்பிகளும் விசிறியும்: கன்வெக்ஷன் என்பது இதுதான். காற்று சுழல்வதால் சூடு மூலை முடுக்கெல்லாம் பரவும். ஈரமும் விரைவில் உலரும். பிஸ்கட், ரஸ்க் ஆகியவற்றை ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகளில் வைக்கலாம். பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷையில் வாங்கிவந்த பச்சைக் கடலையை உரித்து, 150 டிகிரியில் இருபது நிமிடம் போல, நடுவில் ஒரு முறை கிளறி வறுத்துப் பாருங்கள். மணல் சட்டி தேவையில்லை. சமையல் குறிப்பில் விசிறி இல்லாத ஓவனுக்கு 180 என்று போட்டிருந்தால், விசிறியோடு 160 போதும். இப்போது விற்கும் 'ஏர் ஃபிரையர்' என்பதும் வேகமான விசிறி வைத்த சின்ன ஓவன்தான்.

மைக்ரோவேவ் வேறு ஜாதி

மைக்ரோவேவில் சூடான கம்பி இல்லை. 1945-இல் அமெரிக்காவில் ரேடார் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர் என்பவர், தம் பையிலிருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்ததிலிருந்து பிறந்தது இது. இதன் அலைகள் உணவில் உள்ள தண்ணீரைத்தான் முக்கியமாகச் சூடாக்குகின்றன. ஆகவே சாம்பாரைச் சுடவைக்க, காய்கறி வேகவைக்க மிக நல்லது. ஆனால் சிவந்த மேற்புறம் வராது.

மைக்ரோவேவும் கன்வெக்ஷனும் ஒன்றாக உள்ள மெஷின்களில்தான் தவறு அதிகம் நடக்கிறது. மைக்ரோவேவ் ஓடும்போது எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்கள் கூடாது, பொறி பறக்கும். கன்வெக்ஷன் ஓடும்போது பிளாஸ்டிக் கூடாது, உருகிவிடும். இரண்டும் சேர்ந்து ஓடும் 'காம்பினேஷன்' முறையில், கூடவே கொடுத்த புத்தகத்தில் சொன்ன பாத்திரம் மட்டுமே. முழு முட்டையை ஓட்டோடு மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. வெடிக்கும்.

கருகலும் பச்சையும் ஏன்?

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் நம் பெங்களூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவில் ஈரம் இருக்கும் வரை அதன் உட்புறம் இந்த அளவைத் தாண்டாது. மேற்புறமோ உலர்ந்தவுடன் 140, 150 என்று ஏறிச் சிவந்து, பிறகு கருகும். வெளிச்சூட்டைக் கூட்டினால் உட்புறம் அதே விகிதத்தில் வேகமாக வேகாது, வெளிப்புறம்தான் கருகும். ஆகவே தடித்த பண்டத்துக்குக் குறைந்த சூடு, அதிக நேரம். மெல்லியதற்கு அதிகச் சூடு, குறைந்த நேரம். இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி ஏமாற்றம் தீரும்.

மாவை வைப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் வெறும் ஓவனைச் சூடாக்குங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் பழுது என்று பயப்படவேண்டாம். தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது. கேக் எழும்பும் முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு உபயோகம். டிசம்பர், ஜனவரி குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று கவலைப்படாத தமிழ்க் குடும்பம் இங்கே உண்டா? ஓவனை ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். உள்ளே கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவை மூடுங்கள். காலையில் மாவு பொங்கியிருக்கும். தயிருக்கும் இதே வழி. 'உள்ளே மாவு' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் காலையில் யாராவது டோஸ்ட் போட சுவிட்சைத் தட்டிவிடுவார்கள்.

சுவரில் இருந்த ஆபத்து

இனி, சொல்கிறேன் என்ற விஷயம். ஓவனின் பெரிய மூன்று முள் பிளக், சாதாரண பாயின்டில் நுழையாததால், கடைக்காரர் ஒரு மாற்று பிளக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைத் தொட்டேன், கை சுட்டது. பிளாஸ்டிக் பழுத்து, ஒரு ஓரம் இளகியிருந்தது. இன்னும் இரண்டு கேக் செய்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! பக்கத்து அறையில்தான் பேரன் தூங்குவான்.

கணக்கு எளிது. 2,000 வாட்ஸ் ஓவனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். 1,500 வாட்ஸ் என்றாலும் 6.5. சாதாரண பாயின்டின் தாங்குதிறன் 6 ஆம்பியர்தான். ஓவனுக்கு 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேண்டும். அதில் எர்த் சரியாக இருக்கவேண்டும். மாற்று பிளக், எக்ஸ்டென்ஷன் பெட்டி இரண்டும் கூடாது. வாடகை வீடாக இருந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துப் பவர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ஓவன் பெட்டியிலேயே இருக்கட்டும். கரண்ட் போனால் வீட்டு யு.பி.எஸ்.ஸில் ஓட்டலாமே என்றும் நினைக்காதீர்கள், தாங்காது. ஓவனின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரற்கடையாவது இடம் விடுங்கள்.

பவர் பாயின்ட் போட்ட பிறகு மருமகள் மறுபடியும் கேக் செய்தாள். நடு அடுக்கு, இரண்டு கம்பிகள், 175 டிகிரி, முப்பத்தைந்து நிமிடம். நடுவில் குத்திய ஈர்க்குச்சி சுத்தமாக வெளியே வந்தது. கேக் முடியும் வரை நான் மூன்று முறை பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. உங்கள் வீட்டிலும் ஊறுகாய் ஜாடியை இறக்கி வையுங்கள். ஆனால் முதலில் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு!