அந்த நாய் யாருடையது?

விடியற்காலையில் ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளையைக் கோண்டாவிலிலோ கொக்குவிலிலோ துரத்துகிற நாய் பெரும்பாலும் நம் ஊர் நாய்தான். ஒழுங்கை முடக்கில் படுத்திருக்கும், அல்லது படலை சாத்தாத ஒரு வளவிலிருந்து பாய்ந்து வரும். பிற்புல், ரொட்வைலர் போன்ற இனங்களை யாழ்ப்பாண நகருக்குள் தடைசெய்ய வேண்டும் என்போர் முதலில் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்காவில் இருந்த ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ரொட்வைலர்கள் கடித்துக் குதறின. 2025 ஓகஸ்டில் அதே நகரின் ஜாபர்கான்பேட்டையில் பிற்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னை மாநகராட்சி இவ்விரு இனங்களுக்கும் புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. நம்மவர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் 2005 முதல் பிற்புல்லுக்குத் தடை இருக்கிறது. இங்கிலாந்து 1991இல் தொடங்கிய தடைப்பட்டியலில் 2023இல் எக்ஸ்எல் புல்லி இனத்தையும் சேர்த்தது. இலங்கைக்குள்ளும் பிற்புல், ஜப்பானிய டோசா போன்ற சில இனங்களை இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது.

ஆனால் நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிற்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008இல் கைவிட்டது. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களுக்கு எதிராக அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே இரத்துச் செய்தது. கலப்புக் குட்டிகள் கைமாறும் ஊரில் ஒரு நாயைப் பார்த்து இதுதான் இனம் என்று யார் சான்று கொடுப்பது? பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயம் பெரிதாகும் என்பதால், அதை வளர்ப்பவருக்கு உயர்ந்த மதில், பூட்டிய கேற், வெளியே வரும்போது வாய்மூடி என்று கடுமையான நிபந்தனை விதிப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இனத்தை மட்டும் தடைசெய்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை.

இங்கே உயிரை எடுப்பது விசர்நோய். அதற்கு இனபேதம் இல்லை. நோயுள்ள நாய்க்குட்டி விளையாட்டாகக் கீறிய காயத்தாலும் மனிதர் இறக்கலாம். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துகளுக்குள் வந்திருக்கிறது. நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கொடுத்ததும்தான் இந்த மாற்றத்தைச் செய்தன.

ஆகவே கடிபட்டால் முதலில் செய்ய வேண்டியது காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடமாவது கழுவுவது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. பிறகு தாமதிக்காமல் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் ஒன்றுக்கோ போக வேண்டும். ஆழமான காயத்துக்கும் முகத்தில், தலையில் பட்ட கடிக்கும் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிச் சீரமும் ஏற்ற வேண்டி வரும். ஊசிகள் குறித்த நாட்களில் முழுமையாகப் போடப்பட வேண்டும். இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிடுவது உயிரோடு விளையாடுவது. “எங்கட வீட்டு நாய்தானே” என்று இருந்துவிடுவதும் அப்படித்தான்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து 14 நாள் கவனித்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. இடையில் நாய் இறந்தாலோ, காணாமற் போனாலோ உடனே வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள். இறந்த நாயின் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பரிசோதிக்க முடியும். வெறுங்கையால் அதைத் தொடாமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள்.

இனிச் சட்டம். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நாய் வளர்ப்பவர் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் அதைப் பதிய வேண்டும். 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பதிவுத் தகடு கழுத்தில் இருந்தால் கடித்த நாய்க்கு உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்கலாம், ஊசி போட்டிருக்கிறதா என்று அவரிடம் கேட்கலாம். தகடு இல்லாவிட்டால் “அது எங்கட நாய் இல்லை” என்று கேற்றைச் சாத்திவிடுவார்கள். கடிபட்டவர் கையில் ஒன்றும் இருக்காது.

உரிமையாளர் தெரிந்தால் பொலிஸில் முறைப்பாடு பதியலாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம், கவனயீனத்தைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடும் கேட்கலாம். அதற்காகக் காயத்தின் படம், வைத்தியசாலைத் துண்டு, முறைப்பாட்டுப் பிரதி, நாய் கட்டாமல் திரிந்ததைக் கண்ட அயலவரின் சாட்சியம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கட்டாக்காலி நாய்களுக்கு நஞ்சு வைப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்துக்கு முரணானது. அரசும் 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தி, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்குச் சரணாலயம் நடத்துகிறது. அது பாராட்டுக்குரிய பணி. ஆனால் குடாநாட்டின் நாய்கள் அனைத்தையும் ஓர் அறக்கட்டளையின் தலையில் கட்டிவிட முடியாது. பெட்டைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கருத்தடைக்குக் கொண்டுபோக வேண்டிய கடமையும் அவர்களுடையதே.

2023 மார்ச்சிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்த மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் 2025 மே தேர்தலோடு மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் வட்டாரத்தில் இந்த ஆண்டு எத்தனை நாய்கள் பதியப்பட்டன, எத்தனைக்கு ஊசி போடப்பட்டது, கருத்தடைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? அவர் பதில் சொல்லாவிட்டால் சபையிடமே கேளுங்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பதில் தர வேண்டிய கடமை சபைக்கு உண்டு.